வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் வைக்கும்போது நம் அந்தரங்கத்தை எப்படிக் காப்பது? கேமரா வைக்கலாமா, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

நீங்கள் தனியாக இருப்பவர், பகலில் வேலைக்குப் போய்விடுகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். எந்நேரமும் ஆள் நடமாட்டம் உள்ள வீட்டுக்கு இந்தக் கவலை இவ்வளவு வராது.

அட்டை விஷயம் சுலபம், முதலில் முடித்துவிடுகிறேன். நகல் போதும். அதிலும் குறுக்கே 'வீட்டு வேலைக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள், அவருக்கும் அது பாதுகாப்பு. அசலை வாங்கிப் பூட்டி வைப்பது தப்பு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்கென்றே 2011இல் நிறைவேற்றிய 189ஆவது உடன்படிக்கையில், அடையாள ஆவணங்களைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. இத்தனை நாடுகள் உட்கார்ந்து எழுதவேண்டி வந்ததென்றால் எத்தனை பேர் பிடுங்கி வைத்திருப்பார்கள் பாருங்கள்.

அடுத்தது கேமரா. நானே ஒரு தடவை வைத்திருக்கிறேன், அதுவும் சொல்லாமல்.

அப்போது தூக்கத்துக்கும் மனதுக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஆனால் மாத்திரை அட்டைகள் கட்டில் பக்கத்து மேசையில் அப்படியே கிடக்கும். சுத்தம் செய்ய வந்த அக்கா ஒரு நாள் அவற்றை ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்திருந்தார், தீர்ந்துபோனவை தனியாக. பெருக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "ஏம்மா, இப்பவாச்சும் தூக்கம் வருதா?" என்றார். எனக்கு உடம்பு கூசிவிட்டது. "அது வைட்டமின்க்கா" என்றேன். "சரிம்மா" என்றார். நாலு வீட்டில் வேலை பார்ப்பவருக்கு வைட்டமின் எது என்று தெரியாதா?

அந்த வாரமே ஒரு கேமராவை வாங்கி ஹால் அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே செருகினேன். 'இந்தக் காலத்தில் யாரை நம்புவது' என்று எனக்கு நானே சமாதானம் வேறு. நாலு நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பெருக்கினார், துடைத்தார், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் வேலை முடிந்து ஃபேனுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசினார். கேமராவில் மைக் தானாகவே ஆன் ஆகியிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். யாருக்கு எவ்வளவு கடன், வீட்டில் யார் கை நீட்டுகிறார், எல்லாம் காதில் விழுந்தது. உடனே மூடியிருக்கலாம். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் மூடினேன்.

மறுநாள் அலமாரி துடைக்கும் முறை. ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் துடைத்தார். கேமரா கைக்கு வந்ததும் ஒரு கணம் பார்த்தார், அதன் கண்ணாடியையும் துடைத்து, இருந்த கோணத்திலேயே திருப்பி வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் அந்த ஃபேனைப் போட்டதில்லை. போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்விடுவார்.

'உங்கள் வீட்டில் நகை போயிருந்தால் இப்படிப் பேசுவீர்களா' என்று கேட்க வருபவர்களுக்கு: பேசியிருக்க மாட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை. வாசலிலோ ஹாலிலோ வையுங்கள், ஆனால் முதல் நாளே விரல் நீட்டிக் காட்டிவிடுங்கள். மைக்கை அணையுங்கள்; அடுத்தவர் பேச்சை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது பல நாடுகளில் குற்றமே. குளியலறை, உடை மாற்றும் இடம் பக்கம் நினைக்கவே கூடாது. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஹாலை வேறு எவரோ உட்கார்ந்து பார்ப்பார்.

உண்மையில் எனக்குத் தேவைப்பட்டது பூட்டு போட்ட ஒரே ஒரு இழுப்பறை. மாத்திரை, வங்கிக் காகிதம், மருத்துவ அறிக்கை எல்லாம் இப்போது அதற்குள். மேசையில் பரப்பி வைத்துவிட்டு 'பார்க்காதே' என்றால் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டா தூசி தட்டுவார்? குப்பைக் கூடையை மறந்துவிடாதீர்கள், அதைக் கொட்டுவதும் அவர்தான். மருந்துச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள்.

இதை எழுதும்போது எனக்கு எரிச்சல் வருவது வேறொருவர்மேல். என் வீட்டு உரிமையாளரிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கிறது. ஒரு தடவை நான் இல்லாத நேரத்தில், ஒரு போன்கூடப் பண்ணாமல், குழாய் பார்க்க ஆளோடு வந்து போயிருக்கிறார். அடுத்த வாரம் படிக்கட்டில் பார்த்து, "கட்டிலுக்கடியில எல்லாம் புஸ்தகமா வச்சிருக்கீங்களே" என்கிறார். குழாய் கட்டிலுக்கடியிலா இருக்கிறது? அவருடைய அடையாள அட்டையை நான் கேட்கவில்லை, அவருக்காகக் கேமராவும் வைக்கவில்லை. "ஆமா சார்" என்று இளித்துவிட்டு மேலே ஏறினேன்.

அக்காவிடம் கேமரா விஷயத்தைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். "தெரியும்மா, வாராவாரம் தொடைச்சுத்தானே வைக்கிறேன்" என்றார். இப்போது ஃபேன் போட்டுக்கொள்கிறார். தூக்கம் வருகிறதா என்று மட்டும் அப்புறம் கேட்டதே இல்லை.