பல் படிக்கும் மகளுக்கு மூளை நோயில் என்ன வேலை?

பல் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கும் மகள், நடுக்கம் வரும் பார்க்கின்சன், மறதி வரும் அல்சைமர் போன்ற நோய்களின் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால் எந்த அப்பாவுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். நான்கு வருடப் படிப்பு வீணா என்று கேட்டிருந்தீர்கள். வீணில்லை, சார். அவள் தேடும் வேலை வாய்க்குள்ளேயே இருக்கிறது.

ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் பார்க்கின்சன் நோயை விவரித்தபோதே எச்சில் வடிவதையும் எழுதி வைத்தார். அது பெரும்பாலும் அதிகம் சுரப்பதால் வடிவதில்லை, விழுங்குவது குறைவதால் வடிகிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் இயக்க நரம்பணு நோயில் நாக்கின் பரப்பில் புழு நெளிவது போன்ற துடிப்பு தெரியும். நாக்கு வாய்க்குள் சும்மா கிடக்கும்போதுதான் அதைப் பார்க்க வேண்டும். நீட்டச் சொன்னால் நல்ல நாக்கும் நடுங்கும், ஏமாந்துவிடுவோம். நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று நோயாளிக்கே தோன்றாத காலத்திலும், பல் வலிக்காக அவர் உங்கள் மகளின் நாற்காலியில் வாய் திறந்து உட்கார்ந்திருப்பார். அந்த இடம் வேறு யாருக்கும் கிடைக்காது.

ஆய்வகத்திலும் இடம் உண்டு. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் படியும் ஆல்ஃபா சைனியூக்ளின் புரதம், அவர்களின் கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியிலும் காணப்பட்டிருக்கிறது. ஆனால் எச்சிலைச் சோதித்து நோயைச் சொல்லும் பரிசோதனை இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. இதை அவளிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈறு நோய்க் கிருமியான போர்ஃபைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸின் நொதிகள் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இருப்பதாக 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. பெரிய பரபரப்பு. அந்த நொதிகளைத் தடுக்கும் மருந்தின் சோதனையோ 2021-இல் முக்கிய இலக்கை எட்டவில்லை. யோசித்துப் பாருங்கள்: மறதி வந்தவர் பல் துலக்கவும் மறப்பார், ஈறு கெடும். அப்போது எது காரணம், எது விளைவு? இதைப் பிரித்துப் பார்க்கப் புள்ளியியல் தெரிய வேண்டும். அதை இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இந்தத் துறைக்கு வருகிற பல் மருத்துவர்கள் பலர் தடுமாறுவது அங்கேதான்.

வழி என்று கேட்டால், பட்டத்தையும் பயிற்சிக் காலத்தையும் முடித்து மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளட்டும். அது அவள் கையிலுள்ள பிழைப்பு. அப்புறம் வாய் நோய்க்குறியியலிலோ வாய் மருத்துவத்திலோ மேற்படிப்பு, பிறகு முனைவர் பட்டம். அந்த வருடங்களில் சொந்த கிளினிக் வைத்த தோழிகளைவிட வருமானம் குறைவாகத்தான் இருக்கும். அதற்கு நீங்களும் தயாராக இருங்கள்.

முதலில் இந்த விடுமுறையில் உமிழ்நீர் ஆய்வு நடக்கும் ஓர் ஆய்வகத்தில் ஒரு மாதம் நிற்கட்டும். வந்தவர் சாப்பிட்டு எவ்வளவு நேரமானது என்று கேட்டு, குழாயில் எச்சில் சேரும்வரை காத்திருந்து, உடனே பனிக்கட்டியில் வைத்து, நேரத்தைக் குறிக்கும் வேலை. நாள் முழுக்க அதேதான். மாதம் முடிந்தும் ஆசை குறையாவிட்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், மேற்படிப்பு விண்ணப்பத்தைச் சேர்ந்தே தயாரிக்கலாம்.