ரோநம் 20 போட்டும் மலிவான கல் வராதது ஏன்

300 ஆத்தங்குடி பூக்கல் உள்ள பட்டியலிலிருந்து மலிவான 20 கல்லை எடுக்க, ஆரக்கிள் தரவுத்தளத்தில் ‘வேர் ரோநம் <= 20 ஆர்டர் பை விலை’ என்று எழுதியிருக்கிறீர்கள்; ஏதோ 20 கல்தான் வருகிறது என்கிறீர்கள். வரத்தான் செய்யும். ரோநம் என்பது எடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஆரக்கிள் போடும் எண்; ‘ஆர்டர் பை’ விலைப்படி வரிசைப்படுத்துவதற்கு முன்பே அதைப் போட்டுவிடும். முதல் பந்தியில் உட்கார்ந்த 20 பேரை மட்டும் வயதுவாரியாக நிறுத்தி, ஊரிலேயே இளையவர் இவர்தான் என்று சொல்வது மாதிரி.

உங்கள் ஆரக்கிள் பதிப்பு 12சி (2013) அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ரோநம்மை விடுங்கள்:

ஆர்டர் பை விலை, கல்_எண் ஃபெட்ச் ஃபர்ஸ்ட் 20 ரோஸ் ஒன்லி

அதற்கு முந்தைய 11ஜி என்றால் ஆர்டர் பை உள் வினவலில் (அடைப்புக்குறிக்குள் எழுதுவது), ரோநம் நிபந்தனை அதற்கு வெளியே.

ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக உள்ள கல்_எண் எதற்கு என்றால், ஒரே விலையில் பத்துக் கல் இருந்தால் எது முன்னால் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பட்டியலை இருபது இருபதாகப் பக்கம் பிரித்துக் காட்டினால், முதல் பக்கத்தில் வந்த கல் இரண்டாம் பக்கத்திலும் தலைகாட்டலாம். காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடைக்கு நான் எழுதியதிலும் இதே கூத்து. ஒரே எனாமல் தூக்குச்சட்டி இரண்டு பக்கத்திலும் வந்தது, இன்னொன்று எங்குமே இல்லை. திருடு போய்விட்டதென்று கடைக்காரர் கிடங்கையே கலைத்துவிட்டார். தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

அடுத்தடுத்த பக்கத்துக்கு ஆஃப்செட் (முதல் இத்தனை வரியைத் தாண்டு என்பது) போதும். 10,000 வரியைத் தாண்டச் சொன்னால் அத்தனையையும் படித்துத் தள்ளிவிட்டுத்தான் அடுத்த 20ஐத் தரும், அப்போது மந்தமாகும். நீங்கள் சொன்ன 300 கல்லுக்கு அந்தக் கவலை இல்லை.