பணயமாகப் பிடிபட்ட தூதுவர்கள்: கேள்வி பதில்

வெளிநாட்டில் பணியாற்றப் போய்ப் பணயக்கைதியான இராஜதந்திரிகளைப் பற்றிக் கேளுங்கோ என்று சொல்லியிருந்தேன். அரசறிவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன், இந்த விஷயத்தைக் கன காலமாக வாசித்து வருகிறேன். வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கோப்பாய், உயர்தர மாணவி): சேர், தூதுவரைத் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே. பிறகு எப்படிப் பிடிக்கிறார்கள்?

பதில்: இருக்கிறது, பிள்ளை. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 29ஆம் உறுப்புரை இராஜதந்திரியைக் கைது செய்யவோ தடுத்து வைக்கவோ கூடாது என்கிறது. 22ஆம் உறுப்புரை, அனுமதியில்லாமல் தூதரக வளவுக்குள் கால் வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதில் கையெழுத்து வைத்தவை அரசாங்கங்கள், ஆயுதக் குழுக்கள் இல்லை. ஒரு தூதுவரைப் பிடித்தால் இரண்டு அரசாங்கங்கள் ஒரே நேரத்தில் பதறும். அதற்காகத்தான் பிடிக்கிறார்கள்.

தெஹ்ரான் கதை வேறு. 1979 நவம்பர் 4 அன்று அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்தவர்கள் மாணவர்கள். ஆனால் தடுக்க வேண்டிய ஆட்சியே அவர்களுக்குப் பின்னால் நின்றது. 1980 மே 24 அன்று சர்வதேச நீதிமன்றம் ஈரானுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தும் பணயக்கைதிகளை ஈரான் விடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): உள்ளே ஒரு நாள் எப்படிப் போகும்? என்ன செய்துகொண்டு இருப்பார்கள்?

பதில்: ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்றமாதிரி. உருகுவேயில் பிரித்தானியத் தூதுவராக இருந்த ஜெப்ரி ஜாக்சனை 1971 ஜனவரி 8 அன்று மொன்டிவிடியோ நகரில் துப்பமாரோ என்ற ஆயுத இயக்கத்தினர் கடத்தினார்கள். யாரோ தன்னை நோட்டம் விடுகிறார்கள் என்று அவர் முன்பே ஊகித்திருந்தார். நிலத்துக்குக் கீழே கம்பிவலைக் கூடு ஒன்றில் எட்டு மாதம். அந்த இடத்துக்குள்ளேயே உடற்பயிற்சி செய்தார், பிரார்த்தனை செய்தார், சிறுவர்களுக்கான கதைகளும் எழுதினார்.

கனடாவில் மொன்றியல் நகரத்து பிரித்தானிய வர்த்தக ஆணையாளர் ஜேம்ஸ் குரோஸ் 1970 ஒக்டோபர் 5 அன்று தன் வீட்டிலேயே கியூபெக் பிரிவினை இயக்கத்திடம் பிடிபட்டார். அவர் இருந்த அறையில் தொலைக்காட்சி இருந்தது. அந்த இயக்கம் கடத்திய கியூபெக் அமைச்சர் ஒருவரின் சடலம் கிடைத்த நேரத்தில் குரோசும் இறந்துவிட்டார் என்று பிழையான செய்தி போனது. தன் மரணச் செய்தியைத் தானே இருந்து பார்த்தார். அதே செய்தியை மனைவியும் கேட்டிருப்பாளே என்ற நினைப்பு மனுசனை என்ன பாடுபடுத்தியிருக்கும்!

தெஹ்ரானில் மாதக்கணக்காகத் தனிமையில் அடைபட்டவர்கள் உண்டு. 1980 பெப்ரவரியில் ஓர் இரவு கைதிகளை எழுப்பி, உடுப்பைக் கழற்றச் சொல்லி, சுவரைப் பார்க்க நிறுத்தித் துவக்கை லோட் பண்ணிச் சுடுவதுபோல நடித்தார்கள். சுடவில்லை. அதே சிறையில்தான் எனக்கு மிகப் பிடித்த சம்பவமும் நடந்தது. ஜோன் லிம்பேர்ட் என்ற அதிகாரி பாரசீகம் சரளமாகப் பேசுவார், மனைவியும் ஈரானியப் பெண். பிற்காலத்தில் ஈரானின் உச்சத் தலைவரான அலி காமெனி அப்போது கைதிகளைப் பார்க்க வந்தார். லிம்பேர்ட் வீட்டுக்காரரைப்போல அவரை உபசரித்து, உங்கள் நாட்டு விருந்தோம்பல் பெரிது, விருந்தாளி போக வேண்டும் என்று கேட்டாலும் விடமாட்டீர்கள் என்று பாரசீகத்திலேயே சொன்னார். ‘இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ’ என்று கையைப் பிடித்து இழுக்கிற எங்கடை சனத்துக்கு அந்தக் குத்து விளங்கும்.

கேள்வி (சுன்னாகம்): எந்தக் கட்டத்தில் உயிருக்கு ஆபத்து அதிகம்?

பதில்: முதல் நாட்களில். இத்தனை சம்பவங்களை வாசித்ததில் எனக்குப் பட்டது அதுதான். பிடித்தவனும் பதற்றத்தில் இருப்பான், அரசாங்கமும் வீறாப்பில் இருக்கும், நடுவில் பேச ஆளிருக்காது. இங்கிலாந்தின் பேமிங்ஹாமில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி ரவீந்திர மாத்ரேயை 1984 பெப்ரவரி 3 அன்று கடத்தினார்கள். திகார் சிறையில் தூக்குத் தண்டனையை எதிர்நோக்கியிருந்த காஷ்மீர்ப் பிரிவினைத் தலைவர் மக்பூல் பட்டை விடுவிக்க வேண்டும், பணமும் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு மூன்று நாளுக்குள் மாத்ரேயைக் கொன்று போட்டுவிட்டார்கள். பெப்ரவரி 11 அன்று பட்டைத் தூக்கிலிட்டார்கள். புனேயில் மாத்ரே பெயரில் பாலம் இருக்கிறது. குவாத்தமாலாவில் மேற்கு ஜேர்மன் தூதுவர் வொன் ஸ்பிரெட்டியும் அப்படித்தான். 1970 மார்ச் 31 கடத்தல், ஏப்ரல் 5 சடலம்.

ஒரு கிழமை, இரண்டு கிழமை தாண்டினால் பேச்சுக்கு ஒரு வழி பிறக்கும். 1980 பெப்ரவரி 27 அன்று கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் டொமினிக்கன் தூதரக விருந்துக்குள் எம்-19 என்ற ஆயுத இயக்கம் புகுந்து பல நாட்டுத் தூதுவர்களைப் பிடித்தது. அமெரிக்கத் தூதுவர் டியேகோ அசென்சியோ என்ன செய்தார் தெரியுமா? பிடித்தவர்களோடு இருந்து, அரசாங்கத்துக்கு எப்படிக் கேட்டால் காரியம் நடக்கும் என்று அவர்களுக்கே ஆலோசனை சொன்னார். 61 நாளில் கியூபாவுக்கு விமானம் ஏறியது, மீதிக் கைதிகள் விடுதலை. சிலர் அவரைக் குறை சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன்.

கேள்வி (மானிப்பாய்): கேட்டதைக் கொடுத்தால் இன்னும் பிடிப்பார்கள்தானே?

பதில்: பிடிப்பார்கள். பிரேசிலைப் பாருங்கோ. 1969 செப்டெம்பரில் அமெரிக்கத் தூதுவர் எல்பிரிக்குக்கு 15 கைதிகளை விட்டார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானியத் துணைத் தூதருக்கு 5, ஜேர்மன் தூதுவருக்கு 40, சுவிஸ் தூதுவருக்கு 70. தூதுவர்களின் விலை ஏறிக்கொண்டே போனது. ஆனால் நாலு பேரும் உயிரோடு வந்தார்கள். இரண்டும் உண்மை. எதைப் பெரிதாக எடுப்பது என்பதில் கைதியின் மனைவியும் வெளிநாட்டமைச்சரும் ஒத்துப்போக மாட்டார்கள்.

கேள்வி (கொடிகாமம்): கொமாண்டோக்களை அனுப்பி மீட்க ஏலாதா?

பதில்: 1997 ஏப்ரல் 22 அன்று பெருவின் லீமா நகரில் ஜப்பானியத் தூதுவர் இல்லத்தில் 126 நாளாக இருந்த 72 பேரில் 71 பேரை மீட்டார்கள். ஒரு கைதியும் இரண்டு படையினரும் இறந்தார்கள், பிடித்த 14 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. தெஹ்ரானுக்கு 1980 ஏப்ரலில் அமெரிக்கா அனுப்பிய அணி பாலைவனத்திலேயே குழம்பி, ஹெலிகொப்டரும் விமானமும் மோதி எட்டுப் பேர் செத்தார்கள். அதன்பின் கைதிகளை ஊர் ஊராகப் பிரித்து வைத்தார்கள். கடைசியில் விடுவித்தது அல்ஜீரியாவின் பொறுமையான மத்தியஸ்தம். 52 பேர், 444 நாள், 1981 ஜனவரி 20.

கேள்வி (குருநகர்): எங்கடை ஊரிலும் ஒருக்கா நடந்ததே?

பதில்: நடந்தது, ஆனால் அவர்கள் இராஜதந்திரிகள் இல்லை. குடிநீர்த் திட்டமொன்றில் வேலை செய்ய வந்த அமெரிக்கத் தம்பதி. 1984 மே மாதம் யாழ்ப்பாணத்தில் ஈ.பி.ஆர்.எல்.எவ். இயக்கம் பிடித்தது. சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் தங்கமும் கேட்டார்கள். இந்திரா காந்தியும் எம்.ஜி.ஆரும் விடச் சொல்லி வேண்டினார்கள், சில நாளில் விட்டுவிட்டார்கள். இயக்கம் காது கொடுத்துக் கேட்கக்கூடிய ஆட்கள் நடுவில் நின்றார்கள் என்பதுதான் அங்கே விஷயம்.

கேள்வி (வட்டுக்கோட்டை): விடுதலையான பிறகு திரும்ப வேலைக்குப் போனார்களா?

பதில்: கனபேர் போனார்கள். லிம்பேர்ட் பிறகு மொரிட்டானியாவில் தூதுவர், அசென்சியோ பிரேசிலில் தூதுவர். எங்களுக்குக் கிட்டியவர் விக்டர் டொம்செத். தெஹ்ரான் அமெரிக்கத் தூதரக அதிகாரி. தூதரகம் விழுந்த அன்று அவர் ஈரான் வெளிநாட்டமைச்சில் அகப்பட்டிருந்தார். ஒட்டுக்கேட்பவர்களுக்கு விளங்கக் கூடாதென்று, தொலைபேசியில் தாய்லாந்துச் சமையற்காரர் ஒருவரோடு தாய் மொழியில் பேசி, தப்பி வந்தவர்களுக்கு ஒளிக்க இடம் ஏற்பாடு செய்தார். பிறகு கனேடியத் தூதரகத்தார் மறைத்து வைத்து வெளியேற்றிய ஆறு பேரில் ஐந்து பேர் அவர்கள்தான். அதே டொம்செத் 1980களில் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தில் இரண்டாம் நிலைப் பதவியில் இருந்தார்.

கேள்வி (அரியாலை, ஒரு தாய்): மகள் வெளிநாட்டுச் சேவைக்குப் போக ஆசைப்படுகிறாள். இதையெல்லாம் வாசிக்கப் பயமாக இருக்கு. விடலாமா?

பதில்: விடுங்கோ, தங்கச்சி. நான் மேலே சொன்னவர்களில் பெரும்பாலானோர் வல்லரசுகளின் ஆட்கள், அந்த அரசுகளை நெருக்கத்தான் அவர்களைப் பிடித்தார்கள். இலங்கை வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். இடங்கள் சொற்பம், போட்டி கடுமை. பிள்ளை இப்போதே பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தை நாள்தோறும் வாசிக்கத் தொடங்கட்டும்.