கேள்வி பதில்: 56 ஆட்டம் விடாமல் அடித்தவர்

கேள்வி: பேஸ்பாலில் ஜோ டிமாஜியோ 56 ஆட்டம் விடாமல் ஹிட் அடித்த சாதனையை யாராலும் தொட முடியாது என்கிறார்களே, ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஹிட் அடிப்பது அவ்வளவு கஷ்டமா?

பதில்: கஷ்டம்தான். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நமக்கு அது சட்டென்று பிடிபடாது. ஹிட் என்றால் பந்தில் மட்டை பட்டால் போதாது. அடித்த பந்தை யாரும் பிடித்துவிடக் கூடாது, எடுத்து எறிவதற்குள் ஓடிப்போய் முதல் பேஸை, அதாவது ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவதை, தொட்டுவிட வேண்டும், அதுவும் எதிரணி செய்த பிழையால் கிடைத்ததாக இருந்தால் கணக்கில் வராது. பத்து முறை அடிக்கப் போய் மூன்று முறை ஹிட் எடுப்பவரையே நல்ல பேட்டர் என்பார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரு ஆட்டத்தில் நான்கு வாய்ப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், குறைந்தது ஒரு ஹிட்டாவது எடுக்க அவருக்கு 76 சதவீத வாய்ப்பு உண்டு. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அதையே 56 ஆட்டம் விடாமல் செய்ய வேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 48 லட்சத்தில் ஒன்று என்று வரும்.

நியூயார்க் யாங்கீஸ் அணியின் டிமாஜியோ 1941 மே 15-ல் தொடங்கினார். அந்த 56 ஆட்டங்களில் அவர் எடுத்தது 91 ஹிட், அதில் 15 ஹோம் ரன், அதாவது எல்லா பேஸையும் சுற்றி வரும் அளவுக்குப் பெரிய அடி. ஜூன் 29-ல் வாஷிங்டனில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் முன்பு ஜார்ஜ் சிஸ்லர் 41 ஆட்டம் விடாமல் அடித்ததைச் சமன் செய்துவிட்டார், இரண்டாவது தொடங்குவதற்குள் அவருடைய ராசியான மட்டையை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்! வேறு மட்டையை வைத்துக்கொண்டு அடித்து 42-ஐ எட்டினார், திருட்டுப்போன மட்டை பிற்பாடு திரும்பி வந்தது.

முடிந்த விதம்தான் என்னை இன்னும் உருக்குகிறது. ஜூலை 17, கிளீவ்லாண்டில் இரவு ஆட்டம், 67,000 பேருக்கு மேல் கூட்டம். தேர்ட் பேஸில் நின்ற கென் கெல்ட்னர் வழக்கத்தைவிடப் பின்னால் தள்ளி, ஆடுகளத்தின் ஓரக் கோட்டுக்கு அருகே நின்றார். முதல் முறை டிமாஜியோ அடித்த பந்து கோட்டோரமாகச் சீறிக்கொண்டு போனது, கெல்ட்னர் கையை மடக்கி அதைப் பிடித்து, கோட்டுக்கு வெளியே போய்விட்ட நிலையிலும் அங்கிருந்தே முதல் பேஸுக்கு எறிந்தார். அவுட். அடுத்த முறை பிட்சர், அதாவது பந்து எறிபவர், அடிக்கிற மாதிரி பந்தே போடவில்லை, நடந்தே முதல் பேஸுக்குப் போக வேண்டியதாயிற்று, அது ஹிட் ஆகாது. ஏழாவது இன்னிங்ஸில் மறுபடி அதே பக்கம் பலமாக அடித்தார், மறுபடியும் அதே கெல்ட்னர், மறுபடியும் அவுட். எட்டாவதில் ஷார்ட்ஸ்டாப் பக்கம், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே, அடித்த பந்து ஏறுமாறாகத் துள்ளியும் லூ பூட்ரோ அதை விடவில்லை, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் ஆகிற டபுள் பிளே ஆகிவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது. ஒரு பந்து ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் 57. இதில் டிமாஜியோவின் தவறு என்று எதையும் சொல்ல முடியாது, அவர் நன்றாகத்தான் அடித்தார். மறுநாளே மறுபடி ஆரம்பித்து இன்னும் 16 ஆட்டம் விடாமல் அடித்தார் என்பதைப் பலர் சொல்வதே இல்லை. 1978-ல் பீட் ரோஸ் 44 வரை வந்தார், அதற்குப் பிறகு அந்த அளவுக்குக்கூட யாரும் வரவில்லை.

கேள்வி: அப்படியானால் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கால் ரிப்கன் ஒரு ஆட்டம்கூட விடாமல் 2,632 ஆட்டம் ஆடியது? அதற்கு வெறும் வருகைப் பதிவேடு போதுமே?

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். 1982 மே 30 முதல் 1998 செப்டம்பர் 19 வரை, காய்ச்சல், சுளுக்கு, சோர்வு எதற்கும் ஒரு நாள் லீவு இல்லை, அதுவும் பெரும்பகுதி ஷார்ட்ஸ்டாப் என்ற ஓயாமல் ஓடுகிற இடத்தில். வர முடிவதே ஒரு திறமைதான். யாங்கீஸின் லூ கெரிக்கை நினைத்தாலே இது புரியும். 2,130 ஆட்டம் தொடர்ந்து ஆடியவர், 1939 மே 2-ல் டெட்ராய்ட்டில் தானாகவே மேனேஜரிடம் போய் இன்று என்னைச் சேர்க்க வேண்டாம் என்றார், நரம்பும் தசையும் செயலிழக்கிற நோய் அவர் உடம்பை அதற்குள் தின்ன ஆரம்பித்திருந்தது. 1941 ஜூன் 2-ல் இறந்தார், அப்போது வயது 37. அவருடைய பழைய சகா டிமாஜியோவின் 56 ஆட்டத் தொடர் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

அந்த 2,130-ஐ ரிப்கன் தாண்டியது 1995 செப்டம்பர் 6, பால்டிமோரில். ஐந்தாவது இன்னிங்ஸ் பாதியில் ஆட்டம் அதிகாரபூர்வமாகக் கணக்கில் சேரும் என்றானதும் மைதானத்தை ஒட்டிய பழைய கிடங்குச் சுவரில் தொங்கிய எண் 2131 என்று மாறியது. கைதட்டல் 22 நிமிடம் நிற்கவில்லை. சக வீரர்கள் பிடித்துத் தள்ளிவிட, அவர் வேலியோரமாக ரசிகர்களின் கையைத் தொட்டுக்கொண்டே மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முந்தைய வருடம் வேலைநிறுத்தத்தால் சீசனின் இறுதிப் போட்டித் தொடரான வேர்ல்டு சீரிஸே நடக்காமல் போய் ரசிகர்கள் கடுப்பில் இருந்த காலம் அது. டிமாஜியோவும் அன்று அங்கே வந்திருந்தார்.

அப்புறம், ஜப்பானின் சாச்சியோ கினுகாசாவையும் மறக்கக் கூடாது. ஹிரோஷிமா கார்ப் அணிக்காக 2,215 ஆட்டம் தொடர்ந்து ஆடியவர். 1979-ல் பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, மறுநாள் மட்டையோடு வந்து நின்றார்.

கேள்வி: தோல்வியில் இப்படி ஏதாவது சாதனை உண்டா?

பதில்: உண்டு, அதிலும் ரிப்கன் இருக்கிறார். 1988-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் சீசனின் முதல் 21 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது. மேனேஜராக இருந்தவர் ரிப்கனின் அப்பா, ஆறாவது தோல்வியோடு அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். மகன் மறுநாளும் ஆடினார், 21-லும் ஆடினார். ஏப்ரல் 29-ல் சிகாகோவில் 9-0 என்று ஒருவழியாக ஜெயித்தார்கள். சில நாள் கழித்து அந்த அணி ஊர் திரும்பி ஆடியபோது மைதானத்துக்கு வந்தவர்கள் 50,000 பேருக்கும் மேல்.