14 பேரில் ஒருத்திதான் பேசுகிறாள், என்ன செய்வது?

கேள்வி: நான் வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை, 6 முதல் 8 வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும் தலைமைப் பண்பும் வளர வாரம் ஒரு மணி நேரம் வந்து ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் 14 பேர் வருகிறார்கள். நாலு வாரம் ஆயிற்று. சாதித்த பெண்களின் கதைகளைச் சொல்கிறேன். கவனமாகக் கேட்கிறார்கள், கை தட்டுகிறார்கள். "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறாள். பேச்சுப் போட்டி வைத்தால் கூச்சம் போகுமா?

பதில்: பேச்சுப் போட்டி இப்போதைக்கு வேண்டாம் அம்மா. வைத்தால் அந்த எட்டாம் வகுப்புப் பெண் ஜெயிப்பாள். மற்ற 13 பேரும் ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று இன்னொரு முறை முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

முதலில் ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. இடைவேளையில் குழாயடிப் பக்கம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சண்டை போடுவார்கள், பஞ்சாயத்து பேசுவார்கள், மிஸ் மாதிரி பேசிக் காட்டுவார்கள். உங்கள் முன்னால் அமைதியாக இருப்பது அவர்கள் கற்றுக்கொண்ட பழக்கம். நாலாம் வகுப்பு வரை தெருவெல்லாம் ஓடியவள்தான். 11, 12 வயதில் வயதுக்கு வந்ததும் வீட்டுப் பேச்சு மாறிவிடுகிறது. "சத்தமா சிரிக்காதே", "பெரியவங்க பேசறப்போ என்ன வாய்?", "குனிஞ்ச தலை நிமிராம போயிட்டு வா." அப்படித் தினமும் கேட்டு வளர்கிறவளிடம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவர் வந்து "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டால், அது அவளுக்குப் பொறி மாதிரிதான் தெரியும். சரியான பதில் ஒன்று உங்களிடம் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் மானம் போகும் என்றுதான் நினைப்பாள்.

அதனால் வாயைத் திறக்க வைப்பதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். அவர்கள் கையில் ஒரு நிஜ வேலையைக் கொடுங்கள். அவர்களே முடிவெடுத்து, அவர்களே அலைந்து, முடித்துக் காட்டக்கூடிய சின்ன வேலை. அரசுப் பள்ளிகளில் இந்த வயதுப் பிள்ளைகளோடு பல வருடமாக இருக்கிறேன். வேலை நடக்கும்போது பேச்சு தானாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். பேச்சுப் பயிற்சி கொடுத்து ஒரு பிள்ளை தலைவியானதை இதுவரை பார்த்ததில்லை.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். 16 பிள்ளைகள், உங்கள் குழு மாதிரிதான். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். "இந்தப் பள்ளிக்கூடத்துல உங்களுக்குத் தொந்தரவா இருக்கிற ஒண்ணை எழுதுங்க, பேர் போட வேண்டாம்" என்றேன். 11 சீட்டில் கழிவறைக் கதவு. நாலு கதவில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு மாதமாக அந்தப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன், எனக்கு இது தெரியாது.

சரி, என்ன செய்யலாம் என்று அவர்களிடமே விட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. (கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பல பிள்ளைகளுக்குத் தங்கள் அம்மாவே அதில் உறுப்பினர் என்பதுகூடத் தெரியாது.) மனு எழுத இருவர், கதவுகளைப் பார்த்துக் குறிக்க மூவர். கடையில் விலை கேட்க யார் என்றதும் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையை அரைகுறையாகத் தூக்கினாள். இரண்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து பேரைத் தவிர நான் எதுவும் கேட்டதில்லை. ஹார்டுவேர் கடை அவள் வீட்டுக்குப் போகிற வழியில் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அடுத்த வெள்ளி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். ‘தாழ்ப்பாள் 6 இஞ்ச் 65 ரூ. 3க்கு 195. ஸ்க்ரூ பாக்கெட் 20. மொத்தம் 215.’ கீழே பென்சிலில், ‘துருப்பிடிக்காதது 110, வேண்டாம் என்றேன்’. இரண்டு விலையையும் கேட்டு, ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்!

குழுக் கூட்டத்தில் அந்தப் பள்ளி எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மனுவை நன்றாக வாசித்தாள். ஒரு பெரியவர், "எவ்வளவும்மா ஆகும்?" என்றார். வாசித்தவளுக்குத் தெரியவில்லை. பின்னால் சுவரோரம் நின்றவள் "215 ரூபாய் சார்" என்றாள். "மாட்டுறதுக்குக் கூலி?" "கூலி வேண்டாம் சார். எங்க மாமாகிட்ட டிரில்லிங் மிஷின் இருக்கு, கேட்டுட்டேன்." அடுத்த வாரம் தாழ்ப்பாள் வந்துவிட்டது. அவள் அதற்கப்புறமும் மேடைப் பேச்சாளர் ஆகவில்லை. ஆனால் கணக்கு வகுப்பில் "சார், புரியல" என்று சொல்ல ஆரம்பித்தாள் என்று அவளுடைய ஆசிரியர் சொன்னார். எனக்கு அது போதும்.

உங்கள் பள்ளியில் வேறு ஏதாவது இருக்கும். நூலகப் பெட்டி பூட்டியே கிடக்கலாம், விளையாட்டு பீரியடில் பந்து பையன்களிடமே இருக்கலாம். எதுவென்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் முடியக்கூடியதா என்று மட்டும் பாருங்கள். முடியாத ஒன்றில் இறக்கிவிட்டால் ‘கேட்டாலும் நடக்காது’ என்ற பாடத்தைத்தான் கற்பார்கள். தலைமையாசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் குறை சொல்ல வருகிறார்கள் என்று அவருக்குத் தோன்றக் கூடாது.

தலைமை என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். நம் பள்ளிகளில் பிள்ளைகள் பார்த்த ஒரே தலைவி, ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிற கிளாஸ் லீடர்தான். அது கங்காணி வேலை. உங்கள் குழுவில் நிரந்தரத் தலைவி வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒருத்தி பொறுப்பு, அடுத்த வேலைக்கு வேறொருத்தி.

இப்போது உங்கள் குழுவில் பேசுகிற எட்டாம் வகுப்புப் பெண். அவளை அடக்கிவிடாதீர்கள். "நீ கொஞ்சம் சும்மா இரு, மத்தவங்க சொல்லட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் பேசுவது தப்பு என்று 14 பேருக்கும் பாடம் ஆகிவிடும். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த இரண்டு வாரம் மற்றவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி, கடைசியில் வாசிக்கிற பொறுப்பைக் கொடுங்கள். கேட்டு எழுதுவதும் தலைமை வேலைதான். அவளுக்கு இல்லாத பழக்கமும் அதுதான்.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் முதலில் உங்களைத்தான் சங்கடப்படுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு நிமிடம் பேசச் சொல்லிவிட்டு, "உன் தோழி என்ன சொன்னாள்?" என்று கேட்டுப் பாருங்கள். தன் கருத்தைச் சொல்லத் தயங்குகிறவள் தோழியின் கருத்தைச் சொல்லிவிடுவாள்.

பாராட்டும்போது "வெரி குட்", "புத்திசாலிப் பொண்ணு" வேண்டாம். "ரெண்டு விலை கேட்டுட்டு வந்தியே, அதனாலதான் நம்மால முடிவெடுக்க முடிஞ்சது" என்று செய்ததைச் சொல்லுங்கள். எது நடந்தது, அதனால் என்ன ஆயிற்று, இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

சாதனைப் பெண்களின் கதை தப்பில்லை. முத்துலட்சுமி ரெட்டி 1927ல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குள் போனார் என்று தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அவர் அந்தப் பிள்ளைக்கு வானத்து நட்சத்திரம். பக்கத்துத் தெருவில் ஒருத்தி வேண்டும். மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களில் ஆராய்ச்சி செய்து 2012ல் வெளியிட்டார்கள். இட ஒதுக்கீட்டால் இரண்டு தேர்தல் தொடர்ந்து பெண் பஞ்சாயத்துத் தலைவர் இருந்த ஊர்களில், 11 முதல் 15 வயதுப் பையன்களுக்கும் பெண்களுக்கும் எதிர்கால ஆசைகளில் இருந்த இடைவெளி 32 சதவீதம் குறைந்திருந்தது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தே போயிருந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016ல் சட்டம் வந்தது. உங்கள் ஊரிலும் தலைவியாகவோ வார்டு உறுப்பினராகவோ இருந்த ஒருவர் இருப்பார். அவரை அழையுங்கள். ஆனால் உரையாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் முந்தின வாரமே கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு அவரைப் பேட்டி எடுக்கட்டும். "முதல் கூட்டத்துல பயமா இருந்துச்சா?", "உங்க கையெழுத்தை நீங்களே போட்டீங்களா, உங்க வீட்டுக்காரர் போட்டாரா?" என்றுகூடக் கேட்பார்கள். கேட்கட்டும்.

வீட்டை மறந்துவிட்டு இதைச் செய்யக் கூடாது. இங்கே கேள்வி கேட்டுப் பழகியவள் அங்கேயும் கேட்பாள், "பள்ளிக்கூடம் போய் வாய் நீண்டுபோச்சு" என்று அடியும் வாங்கலாம். எதிர்த்துப் பேசச் சொல்லித் தராதீர்கள். எங்கே, யாரிடம், எப்போது பேசுவது என்று யோசிக்கச் சொல்லித் தாருங்கள். அம்மாக்களை ஒருமுறை பார்த்து, பிள்ளை செய்த வேலையை அவர்களிடம் காட்டுங்கள். புதுமைப்பெண் திட்டத்தையும் அப்போதே சொல்லிவையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். மகளின் படிப்பை எங்கே நிறுத்தலாம் என்று யோசிக்கும் வீட்டில் இது எடுபடுகிற பேச்சு.

பிள்ளைகள் நம்ப ஆரம்பித்ததும் சிலது சொல்வார்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா நான் உதவி கேட்டே ஆகணும்" என்று முதல் மாதமே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். பாலியல் தொல்லை தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம், அது உங்களுக்கும்தான். கல்யாணப் பேச்சு என்றாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கத் தயங்காதீர்கள். நடந்ததை அந்தப் பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். தனியாகப் பேசுவதானாலும் கதவைத் திறந்து வைத்து, பிறர் பார்வை படும் இடத்தில் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் முக்கியம். எத்தனை நாள் போகப் போகிறீர்கள்? ஒரு பள்ளியில் நான் நாலாம் மாதமே நிறுத்திவிட்டேன், வீட்டில் உடம்பு சரியில்லாத காரணம். பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளாமல் நின்றேன். ஆறு மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஒரு பிள்ளை, "நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டோமா மிஸ்?" என்று கேட்டாள். இன்னும் அந்தக் கேள்வி மறக்கவில்லை. பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளைக்குத் துணையாக இருக்கும் வழிகாட்டித் திட்டங்களைப் பற்றி 2002ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வும் இதையே சொன்னது. ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில் பிள்ளைகளுக்குப் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் சில பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தே போயிருந்தது. அதனால் ஒரு கல்வியாண்டாவது முடியும் என்றால் மட்டும் தொடருங்கள். வர முடியாத வாரம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தக் கல்வியாண்டும் போதாது. நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊர், பஸ், தெரியாத முகங்கள். பல பெண் பிள்ளைகளின் படிப்பு நிற்பது இந்த இடத்தில்தான். மார்ச் மாதம் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, அம்மாக்களையும் சேர்த்து, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த பஸ், எத்தனை மணிக்கு, கழிவறை எங்கே என்பதை அவர்களே விசாரிக்கட்டும். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் ஒவ்வொருத்தியும் போகிறாளா என்று விசாரியுங்கள். போகாதவள் வீட்டுக்கு நேரில் போங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமைக்கு 14 துண்டுச் சீட்டும் 14 பென்சிலும் எடுத்துப் போங்கள். எல்லாரும் தரையில் வட்டமாக உட்காருங்கள், உங்களுக்கு முழங்கால் வலி இல்லையென்றால் நீங்களும். கதை சொல்ல வேண்டாம். சீட்டுகளைக் கலைத்து, ஆளுக்கொன்று எடுத்து, இன்னொருத்தி எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்து எதைச் செய்வது என்று அவர்கள் ஓட்டுப் போடட்டும், நீங்கள் போட வேண்டாம்.