நியூயார்க்கில் லிட்டில் இத்தாலிக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

இத்தாலியர்கள் குடியேறிய பேட்டைதான் லிட்டில் இத்தாலி. தாராளமாக ஒதுக்கலாம். ஆனால் எல்லோரும் போகும் மன்ஹாட்டன் மல்பெரி தெருவுக்கு இல்லை, நகரின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கும் இன்னொரு லிட்டில் இத்தாலியான ஆர்தர் அவென்யூவுக்கு.

மல்பெரி தெருவில் ஏமாந்த அனுபவம் எனக்கு உண்டு. ஓட்டல் வாசலில் நின்றவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே உட்கார வைத்தார். வந்தது ஆறிப்போன பாஸ்தா. பில் வந்ததும் என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பக்கத்து சைனாடவுன் வளர வளர அந்த இத்தாலி சில தெருக்களுக்குள் சுருங்கிவிட்டது. செப்டம்பரில் போகிறீர்கள் என்றால், 1926லிருந்து நடக்கும் சான் ஜெனாரோ திருவிழாவுக்காக ஒரு நடை போய் வரலாம், அவ்வளவுதான்.

ஆர்தர் அவென்யூவுக்கு கிராண்ட் சென்ட்ரலில் மெட்ரோ நார்த் ரயில் ஏறி ஃபோர்டம் ஸ்டேஷனில் இறங்குங்கள். ரயிலில் இருபது நிமிடம், அப்புறம் கொஞ்சம் நடை. இது வேடிக்கை பார்க்கும் தெரு இல்லை, சாமான் வாங்கும் தெரு. தள்ளுவண்டி வியாபாரிகளைத் தெருவிலிருந்து எடுத்து ஒரே கூரையின் கீழ் கொண்டுவர மேயர் லா கார்டியா 1940ல் திறந்த மார்க்கெட் இன்னும் ஓடுகிறது. உள்ளே ஒரு பக்கம் காய்கறி, ஒரு பக்கம் சீஸ், இன்னொரு பக்கம் உட்கார்ந்து சுருட்டு சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

வெளியே டைடல் பிரதர்ஸ் என்றொரு மளிகைக்கடை, 1915லிருந்து இருக்கிறது. ஆலிவ் எண்ணெய், தக்காளி டின், கருவாடாக உலர்த்திய காட் மீன் என்று அத்தனையும் இத்தாலிச் சரக்கு. கடையைத் தொடங்கியதோ ஒரு யூதக் குடும்பம். நுழையும்போது தரையைப் பாருங்கள், யூதச் சின்னமான தாவீதின் நட்சத்திரம் பதித்திருக்கும். கலாப்ரியா என்ற இறைச்சிக் கடையில் தரையை விட்டுவிட்டு மேலே பாருங்கள். கூரை கண்ணுக்கே தெரியாத அளவுக்கு பன்றி இறைச்சி சாசேஜ் கொத்துக்கொத்தாகத் தொங்கும்.

மடோனியா பேக்கரியில் கன்னோலி வாங்காமல் வராதீர்கள். பொரித்த குழல் ஓட்டுக்குள் இனிப்பு கிரீம் நிரப்பிய பலகாரம் அது. கேட்ட பிறகுதான் வெறும் குழலை எடுத்து, இரண்டு முனையிலும் ரிகோட்டா என்ற மென்மையான சீஸ் கிரீமைப் பிதுக்கித் தருவார்கள். கடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். முன்பே நிரப்பி வைத்த கன்னோலி ஊறி நமுத்துவிடும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

சனிக்கிழமை காலையில் போவது நல்லது. ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும் அல்லது சீக்கிரம் கட்டிவிடுவார்கள். நாங்கள் முதல் தடவை பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். காலிப் பை ஒன்று கையில் இருக்கட்டும்.

சைவமா நீங்கள்? அப்படியென்றால் கேட்டுக் கேட்டு வாங்குங்கள். அசல் பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிக்க கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட்தான் சேர்ப்பார்கள். கன்னோலி ஓட்டு மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு.