நாய் படகை விட்டு இறங்காவிட்டால் பத்திரம் வேண்டாமா?

கேள்வி: ஏப்ரல் இறுதியில் நானும் கணவரும் எங்கள் பாய்மரப் படகில் காலித் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, மாலைதீவில் இரண்டு வாரம் தங்கி, அங்கிருந்து ரியூனியன் தீவுக்குப் போகவிருக்கிறோம். எங்கள் இரண்டு நாய்களும் உடன் வருகின்றன. கரையில் இறக்காதவரை அவற்றுக்குப் பத்திரம் எதுவும் தேவையில்லை, மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக ஒரு தரகர் சொல்கிறார். நம்பலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: நம்பாதீர்கள். அவர் சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது, ஆபத்தே அதில்தான். மாலைதீவுக்குள் நாயைக் கொண்டு போவது சட்டப்படி தடை. எந்தப் பத்திரத்தைக் காட்டினாலும் இறக்க விடமாட்டார்கள். அதைத்தான் அவர் "பத்திரம் தேவையில்லை" என்று இனிப்புத் தடவிச் சொல்கிறார். உங்கள் பயணமோ அங்கே முடியவில்லை. ரியூனியன் இந்து சமுத்திரத்தில் இருந்தாலும் பிரான்சின் ஒரு பகுதி. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிதான் செல்லும். நீர்வெறுப்பு நோய் இன்னும் ஒழியாத நாட்டிலிருந்து வரும் நாயை அவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

வரிசை முக்கியம். முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாள இலக்கச் சில்லு), பிறகு நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி, பிறகு இரத்தப் பரிசோதனை. சிப்பும் ஊசியும் ஒரே நாளில் போடலாம்; ஆனால் ஊசி முந்தி, சிப் பிந்தியிருந்தால் அந்த ஊசி கணக்கில் வராது, மறுபடியும் போட வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்தே இரத்தம் எடுக்கலாம். ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடத்தில், எதிர்ப்புப் பொருள் மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருப்பதாக முடிவு வர வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருப்பு. ஆக, குறைந்தது நான்கு மாதம். யார் யாருக்குத் தேநீர்ச் செலவு கொடுத்தாலும் இது குறையாது.

தரகர்கள் நுழைவது இங்கேதான். "ரிப்போர்ட் தயாராக இருக்கிறது" என்பார்கள். அப்படி வாங்கிய ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டு வந்தார். அழகான காகிதம், நீல முத்திரை. நாயின் கழுத்தில் வாசிப்புக் கருவியை வைத்தேன். சிப்பின் 15 இலக்கங்களில் கடைசி நான்கு ரிப்போர்ட்டோடு பொருந்தவில்லை. அது யாரோ ஒருவருடைய நாயின் இரத்தம். அவர் கொடுத்த பணத்துக்கு முறையான பரிசோதனையை இரண்டு தடவை செய்திருக்கலாம். எனவே ஒன்று செய்யுங்கள்: இரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நின்று, சிப்பை வாசிக்கச் சொல்லி, குப்பியில் ஒட்டும் இலக்கத்தை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது சுகாதாரச் சான்றிதழ். மிருக வைத்தியரானாலும் என் கையெழுத்து போதாது. அரச மிருக வைத்தியர் உறுதிப்படுத்த வேண்டும். அது வழங்கிய நாளிலிருந்து 10 நாளுக்குத்தான் செல்லும். காலியிலிருந்து ரியூனியனுக்கு 2,000 கடல் மைலுக்கு மேல். ஐந்து நொட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் ஓடினாலும் இரண்டு வாரம் தாண்டிவிடும். அப்படியானால் எப்படி என்று பயப்படுவீர்கள். கடல்வழி வருகிறவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது: கடற்பயணம் எடுத்த நாள்கள் அந்தப் பத்துடன் சேர்க்கப்படும். இதை அறியாத அலுவலர்களையும் பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் விமான இலக்கம் எழுதாத படிவத்தை வாங்கவே மறுத்தார்கள். நாய் விமானத்தில் மட்டுமே பயணிக்கும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? அந்த விதியை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

ஆனால் இங்கே கவனியுங்கள். சேர்க்கப்படுவது கடற்பயண நாள்கள். மாலைதீவின் பவளத்திட்டு ஒன்றில் நங்கூரமிட்டுக் குளித்த இரண்டு வாரத்தையும் "கடற்பயணம்" என்று அதிகாரி ஒப்புக்கொள்வார் என நினைக்காதீர்கள். காலியில் புறப்பட்ட நாள், நின்ற இடம், மறுபடி பாய் விரித்த நேரம் எல்லாம் படகின் நாட்குறிப்பில் இருக்கும். முதலில் அதைத்தான் கேட்பார்கள். என்னைக் கேட்டால், நாய்களோடு போவதென்றால் மாலைதீவை விட்டுவிட்டு நேரே போங்கள். மாலைதீவுதான் வேண்டும் என்றால் நாய்களை அக்கா வீட்டில் விடுங்கள். இரண்டும் வேண்டும் என்பதால்தான் தரகருக்குப் பிழைப்பு. எந்தத் துறைமுகத்தில் நாயுடன் நுழையலாம் என்பதையும் ரியூனியன் அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திரும்பி வருவதை யாரும் யோசிப்பதில்லை. இங்கே பிறந்த நாயாக இருந்தாலும் மீண்டும் இலங்கைக்குள் வர இறக்குமதி அனுமதிப்பத்திரம் தேவை. அதைப் பேராதனையில் உள்ள கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்திடம் பெற வேண்டும். புறப்படும் முன்பே நடைமுறையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படகில் நாய்க்கு முதல் எதிரி வெயில். உங்கள் உள்ளங்கையைத் தளத்தில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துவிடும். வாளியில் கடல்நீர் திறந்திருக்கக் கூடாது. தாகத்தில் குடித்தால் உப்பு ஏறி வலிப்பு வரும். தூண்டிலில் நஞ்சுள்ள பேத்தை மீன் மாட்டினால் உடனே கடலில் எறியுங்கள். அப்புறம், வீட்டு நாய் தளத்தில் சிறுநீர் கழிக்க வெட்கப்பட்டு ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும். இன்றே ஒரு தும்புக் கால்மிதி வாங்கி, மொட்டை மாடியில் போட்டு, அதில் போகப் பழக்குங்கள். அந்தக் கால்மிதியைக் கழுவாமலே படகில் ஏற்றுங்கள்.